நாலாவது தூணும் நான் எழுதிய மனுவும்

போன ஆடியில் ஒரு ஞாயிறு, காலை ஐந்து மணிக்குக் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினேன். கிரிவலத்துக்கு அல்ல, நான் எழுதிக் கொடுத்த ஒரு மனுவுக்குப் போட்டோ எடுக்க. என் கல்லூரித் தோழி மல்லிகா திருவண்ணாமலைக்குப் பக்கத்து அடி அண்ணாமலைக்காரி, தமிழாசிரியை. அவள் ஊர் வயலோரத்தில் நாலு தூண் கொண்ட பழைய மண்டபம் இருக்கிறது. திருவிழாவுக்காக அதற்குப் பச்சை எனாமல் பெயிண்ட் அடிக்கிறார்கள். மூன்று தூண் முடிந்துவிட்டது, கல்வெட்டு உள்ள நாலாவதுதான் மிச்சம். அதைத் தடுக்கச் சொல்லி வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு கொடுக்க வேண்டும் என்றாள். விளம்பர வாசகம் எழுதிப் பிழைக்கிற எனக்கு இது அல்வா சாப்பிடுகிற மாதிரி. 'பண்பாட்டுப் படுகொலை' என்று தலைப்பே போட்டு அனுப்பிவிட்டேன்.

ஒன்பதே முக்காலுக்குத் திருவண்ணாமலை. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏழு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய். "பௌர்ணமின்னா இன்னும் ஜாஸ்திக்கா" என்று ஓட்டுநர் ஆறுதல் சொன்னார்.

மண்டபத்தில் பெயிண்டர் டப்பாவைக் கலக்கிக்கொண்டிருந்தார். மல்லிகா எனக்கு முன்பே வந்திருந்தாள். பக்கத்தில் விழாக் கமிட்டித் தலைவர் பெருமாள், அவளுடைய சித்தப்பா. மல்லிகா வீட்டு மேசையில் கிடந்த மனு இப்போது அவர் கையில்.

"ஊரே காசு போட்டு அழகு பண்றோம். எங்களப் போயி கொலகாரனுங்கனு எழுதிட்டியே மல்லிகா? உன்ன இங்கதான வெளயாட உட்டேன்?"

"அத எழுதினது நான்தாங்க" என்றேன்.

"அப்பிடிங்களா? இந்தத் தூண நீங்க பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது.

மல்லிகா வீட்டுக்கு ஓடிக் கோலமாவு கொண்டுவந்தாள். கல்லில் லேசாகத் தேய்த்ததும் எழுத்துகள் வெள்ளையாக எழுந்தன. விரல் வைத்து நிதானமாகப் படித்தாள். யாரோ ஒருவர் விளக்கெரிக்கும் நெய்க்காக ஆடுகள் கொடுத்திருக்கிறார். கடைசி வரி: இந்தத் தர்மத்தைக் காப்பவர் பாதம் என் தலை மேல்.

"யாரு பாதம்?" என்றார் பெருமாள்.

"இத காப்பாத்துறவங்க பாதம், சித்தப்பா. தானம் குடுத்தவங்க அப்பிடித்தான் கேட்டுக்குவாங்க."

அவர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். இரண்டிலும் பச்சை தெறித்திருந்தது. பெயிண்ட் டப்பாவைத் தானே மூடினார். "இத உட்டுடுப்பா" என்றார் பெயிண்டரிடம்.

எத்தனையோ விளம்பரம் எழுதியிருக்கிறேன். யாரிடம் கேட்கிறோமோ அவர் காலை நம் தலையில் வைத்துக்கொண்டு கேட்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அந்த ஆடு கொடுத்தவர்மேல் எனக்குப் பொறாமையும் பாசமும் ஒன்றாக வந்தன.

அன்று மத்தியானமே மனுவை மாற்றி எழுதினோம். மூன்று தூண்களின் பெயிண்டைக் கல் சேதப்படாமல் எடுத்துத் தர ஆள் வேண்டும், அவ்வளவுதான். முதல் கையெழுத்து பெருமாளுடையது. பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

போகிறவர்களுக்கு: காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள், சாய்வெயிலில் எழுத்து தானாகவே தெரியும். கோலமாவெல்லாம் தேய்க்க வேண்டாம், பழைய கல்லுக்கு அது நல்லதில்லை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். தண்ணீர் கொண்டுபோங்கள், பக்கத்தில் கடை இல்லை. ஊருக்குள் கேட்டால் பெருமாளே வந்து காட்டுவார். அவர் கால் கட்டைவிரல் நகத்தில் பச்சை இன்னும் போகவில்லை. கல்வெட்டில் சொன்ன பாதம் அதுதான்.