அத்திம்பேரின் லாரித் தாங்கி

கேக்குக்கு க்ரீம் பூசும் சுழல்தட்டு ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலில் ஆட்டோவில் வலியசாலையில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனது இன்னும் நினைவில் இருக்கிறது. குறுக்களவு பன்னிரண்டு அங்குலம், உயரம் ஐந்து. விரலால் சுண்டினால் ஒன்பது சுற்று சுற்றி நிற்கும். பேக்கரியிலேயே மூன்று முறை சோதித்துவிட்டேன். "சாரே, கேக்கு உண்டாக்கானோ?" என்று மலையாளத்தில் கேட்ட பேக்கரிக்காரரிடம், "இல்லை, லாரி ரிப்பேருக்கு" என்றேன். அவர் சில்லறையை எண்ணிக் கொடுத்தார்.

லாரிகள் என் அக்காவின் கணவரிடம், அதாவது அத்திம்பேரிடம், ரிப்பேருக்கு வந்தவை. தொண்ணூறுகளின் கடைசியில் கல்ஃபில் ஆள் இருக்கும் வீடு என்றால் கூடத்துக் கண்ணாடி அலமாரியில் ஒரு ரிமோட் பொம்மை லாரி இருக்கும், அநேகமாக ஓடாத லாரி. வந்த இரண்டு நாள் ஓடும், மூன்றாம் நாள் கியர் உடையும், அதன்பிறகு அது வெறும் அலங்காரம். தொலைபேசி இலாகாவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற அத்திம்பேர் அவற்றை ஒவ்வொன்றாக அலமாரியிலிருந்து இறக்கி ஓடவைத்துக்கொண்டிருந்தார். யாரிடமும் எதுவும் வாங்கமாட்டார். சரியானதும் தெருவில் முதலில் ஓட்டிப் பார்ப்பது தானாகத்தான் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் நிபந்தனை. அறுபத்தொன்றாவது வயதில் அவருக்கு லேசான பக்கவாதம் வந்தது. பதினோரு நாள் ஆஸ்பத்திரி. பேச்சு திரும்பியது, கால் திரும்பியது, இடது கை மட்டும் திரும்பவில்லை. ரிமோட்டில் இரண்டு லீவர் உண்டு. வலது லீவர் வண்டியைத் திருப்பும், இடது லீவர்தான் வண்டியை ஓட்டும்.

இடது கைக்கு ஆறு மாதத்துக்குள் பழக்கம் கொடுக்காவிட்டால் பிறகு கஷ்டம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, அழுத்திப் பழக ஒரு பஞ்சுப் பந்தும் கொடுத்தார்கள். நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு முப்பது தடவை. நான் ஒரு தாளில் கட்டம் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் தொண்ணூற்று மூன்று தடவையோடு அத்திம்பேர் பந்தைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டார்.

"குழந்தை மாதிரி பந்து வெச்சு விளையாடணுமாக்கும்" என்றார்.

"லாரி ஓட்டறது பின்னே பெரியவா காரியமோ?" என்று அக்கா உள்ளேயிருந்து கேட்டாள்.

லாரி வேலையாவது தொடரட்டும் என்று நான் நினைத்தேன். ஆனால் ஒரு கையால் அதுவும் நடக்கவில்லை. மேஜையில் வைத்தால் சக்கரம் உருண்டது. மல்லாத்தி வைத்தால் மேலே நீட்டிக்கொண்டிருந்த ஏரியல் வளைந்தது. இரண்டு செங்கல்மேல் ஏற்றினோம். மோட்டாரைச் சோதிக்க நான் லீவரை அழுத்தியதும் அதிர்வில் லாரி நழுவித் தரையில் விழுந்து முன் அச்சு முறிந்தது. அன்று அத்திம்பேர் ஸ்க்ரூ டிரைவரைப் பெட்டியில் போட்டு மூடியதைப் பார்த்த பிறகுதான் நான் தாங்கி தேடிக் கிளம்பினேன். லாரியின் நீளம் பதினாலு அங்குலம், எடை ஒன்றரைக் கிலோ, நாலு சக்கரமும் அந்தரத்தில் நிற்க வேண்டும், உட்கார்ந்த இடத்திலிருந்தே திருப்ப வர வேண்டும். இவ்வளவையும் எழுதிக்கொண்டு ஆரியசாலையில் ஏழு கடை ஏறி இறங்கினேன். தையல் மெஷின் தலைப்பாகத்தின் பலகை முதல் கோயில் விளக்குத்தண்டு வரை பார்த்தாயிற்று. கடைசியில் ஒரு பேக்கரி வாசலில் டீ குடிக்கும்போது, உள்ளே கேக் சுற்றிக்கொண்டிருந்ததைக் கண்டேன்.

தட்டின்மேல் ரப்பர் ஒட்டிய இரண்டு மரத்தாடைகளைத் தச்சரைக் கொண்டு பொருத்தினேன். லாரியின் வயிற்றை அது கவ்விக்கொண்டால் யானை இழுத்தாலும் அசையாது. முட்டை பட்ட தட்டு என்று அக்கா முகம் சுளித்தாள். புளி போட்டுத் தேய்த்து இரண்டு நாள் வெயிலில் வைத்த பிறகு உள்ளே விட்டாள். மூன்று வாரத்தில் ஐந்து லாரிகள் சரியாயின, எல்லாம் வலது கையால். ஓட்டிப் பார்க்கும்போது அவர் வலது லீவரைப் பிடிக்க, இடது லீவரில் என் கட்டைவிரல். அலுவலகத்தில் பார்த்தவரிடமெல்லாம் அந்தத் தாங்கியைப் பற்றிச் சொன்னேன்.

நாலாவது வாரம் போனபோது சுழல்தட்டைக் காணவில்லை. அது இருந்த இடத்தில், புராணப் புத்தகத்தை விரித்து வைத்து வாசிக்கிற, பெருக்கல் குறி போல மடங்கித் திறக்கும் மரப்பீடம் இருந்தது. அதன் பிளவில் ஒரு லாரி. சக்கரங்கள் அந்தரத்தில்தான் நின்றன. ஆனால் விட்டால் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாயும். அத்திம்பேர் இடது மணிக்கட்டை வலது கையால் தூக்கி லாரியின்மேல் போட்டுப் பிடிக்கப் பார்த்தார். நான் எண்ணினேன். நாலு எண்ணுவதற்குள் சாய்ந்தது. அன்று ஏழு முறை சாய்ந்தது, ஒரு ஸ்க்ரூ காணாமல் போயிற்று.

"முட்டைத் தட்டு ஆகாதுன்னு எடுத்துட்டா. உங்க அக்காவுக்கு மடி முத்திப்போச்சு" என்றார் அத்திம்பேர்.

நான் சமையலறைக்குப் போய்ச் சண்டை போட்டேன். கழுவினதுக்கு அப்புறம் என்ன முட்டை, மனுஷன் ஒரு காரியத்தில் மனசைப் போட்டிருக்கும்போது ஆசாரம் பார்க்கலாமா என்று நிறையச் சொன்னேன். அக்கா அடுப்பைச் சிறியதாக்கிவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினாள்.

"தட்டு நல்லதுதான்டா. அதான் எடுத்து வெச்சேன். அது பிடிச்சுண்டா அவர் கை என்னத்துக்குப் பிடிக்கணும்? மூணு வாரமா அந்தக் கை மடியிலயே கிடந்தது. வேஷ்டி மடிக்கக்கூட என்னைக் கூப்பிடறார். நீ எல்லாத்தையும் எண்ணினே, இதை எண்ணலை."

"அதை அவர்கிட்டயே சொல்றதுதானே?"

"சொன்னா பந்து போன இடத்துக்கு லாரியும் போயிடும். முட்டைன்னே இருக்கட்டும்."

"புராணப் பீடத்துல கிரீஸ் படறதே?"

"ஸ்வாமி கோவிச்சுக்க மாட்டார். கோவிச்சுண்டா நான் பேசிக்கறேன்."

இத்தனை அளந்தும் லாரிக்குத்தான் நான் தாங்கி தேடியிருந்தேன். திரும்பக் கூடத்துக்கு வந்து, சாய்ந்த லாரியை நிமிர்த்தாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அப்படி உட்கார்ந்திருப்பது என்னைப் போன்ற ஆளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. அத்திம்பேர் என்னை முறைத்தார், அக்காவைத் திட்டினார், லாரியைத் திட்டினார், திரும்பவும் கையைத் தூக்கிப் போட்டார். ஒரு மாதத்தில், லாரி சாய்வதற்குள் நான் எண்ணும் எண்ணிக்கை இருபதைத் தொட்டது. விரல்கள் ஒவ்வொன்றாக, சுண்டுவிரல் கடைசியாக, லாரியின் விளிம்பில் மடங்கத் தொடங்கின. ஓணம் வந்தபோது அறுபது வரை எண்ணினேன்.

ஓணம் முடிந்த வாரம் எதிர்வீட்டு லாரி தயாராயிற்று. சாயங்கால வெயில் தெருவில் பாதியில் இருந்தது. அத்திம்பேர் ரிமோட்டைக் கையில் எடுத்ததும் வழக்கம்போல் என் கட்டைவிரல் இடது லீவருக்குப் போனது.

"அம்பி, கையை எடு."

எடுத்தேன். அவருடைய கட்டைவிரல் லீவரின்மேல் இடம் தேடி உட்கார்ந்தது. லாரி ஓர் உறுமல் உறுமி, பின்பக்கமாக வந்து அவர் பாதத்திலேயே முட்டி நின்றது.

"முன்னாலே போறதுக்குத்தானே வண்டி?" என்றாள் வாசல்படியில் நின்றிருந்த அக்கா.

"ரிவர்ஸ் பிடிக்கறதான்னு பாத்தேன்" என்றார். அடுத்த முறை லாரி முன்னால் போயிற்று. விரல் வழுக்கி நின்ற இடம் வரை நடந்து அளந்தேன். என் பாதத்தில் ஒன்பது அடி. அக்கா உள்ளே போய்விட்டாள், முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அத்திம்பேர் அதன்பிறகு பன்னிரண்டு வருஷம் இருந்தார். இப்போது அக்காவும் இல்லை. எனக்கு எண்பத்திரண்டு. ஸ்ரீவராகத்தில் என் மகன் வீட்டில் இருக்கிறேன். நல்ல பிள்ளை. கட்டிலை ஒட்டி ஒரு ஸ்டூல் போட்டு, தண்ணீர், மாத்திரை, செய்தித்தாள், கூப்பிடுவதற்கு ஒரு மணி, எல்லாவற்றையும் கைக்கெட்டும்படி வைத்துவிட்டுப் போகிறான். "அப்பா எழுந்திரிக்கவே வேண்டாம்" என்கிறான். அந்தக் குரலில் உள்ள பெருமையை நான் அறிவேன். அவனிடம் நான் ஒன்றும் சொல்வதில்லை. அவன் கிளம்பியதும் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டுபோய்ச் சமையலறை மேடையில் வைத்துவிட்டு வருகிறேன். கட்டிலிலிருந்து பதினாலு அடி. நேற்று இரண்டு முறை போய்க் குடித்து வந்தேன். இன்று, இதை எழுதும் வரை, மூன்று.