பன்னிரண்டு நீலப் பூபூ

பூபூ என்று ஊரே சொல்லும். தெனே குலிபாலி மட்டும் பழைய வழக்கப்படி டோலோகிபா, பெரிய சட்டை என்பாள். தோளிலிருந்து கணுக்கால்வரை புரளும் அந்த அங்கிக்குச் சாயம் போடுவதில் பமாகோ நகரத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. நம்பாதவர்கள் அவள் நகங்களைப் பார்க்கலாம்.

நாத்தனார் சாரன் பன்னிரண்டு பூபூவுக்குத் துணி கொண்டுவந்து, எல்லாம் ஒரே நீலமாக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணம் என்றாள். குடும்பத்துப் பெண்கள் ஒரே துணி உடுத்துவதுதானே முறை, எனக்கு எங்கே என்று தெனே கேட்டாள். தூரத்துச் சொந்தம், உன்னை எதற்கு அலையவிட வேண்டும் என்று சாரன் தேனொழுகப் பேசினாள். தெனேயும் நம்பித் தொலைத்தாள்.

சாயமேறிய துணியைக் கட்டையால் மினுங்க அடிப்பவன் பாகரி ஜாரா. ஜாரா குலத்தாரும் குலிபாலி குலத்தாரும் பரம்பரைக் கேலிமுறைக்காரர்கள். பயறுதின்னி, அடிமை என்று ஒருவரை ஒருவர் என்ன சொன்னாலும் கோபிக்கக் கூடாது. சொன்னதை யாரும் நம்புவதும் இல்லை.

"ஏ பயறுதின்னி, சக்களத்தி கல்யாணத்துக்கு நீயே சாயம் போடுறியா? பொண்ணுவீட்டுத் துணியும் எங்கிட்டதான் அடிபடுது. மாப்பிள்ளை உன் புருஷன்தான்."

"போடா, நீ எங்க வீட்டு அடிமை. உன் பேச்சைக் கேட்டு எசமானி அழுவாளா?"

வயிறு வலிக்கச் சிரித்தாள். வீட்டில் கணவன் சுமானாவிடமும் சொன்னாள். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

ஞாயிறு காலை நண்பன் வீட்டு விசேஷம் என்று அவன் கிளம்பினான். அவனுடைய வெள்ளைப் பூபூவின் கைகளைத் தோளில் மடித்துவிட்டவளும் அவள்தான். மதியம் சந்தைக்குப் போகும் வழியில், கல்யாணம் பதியும் நகரமன்றப் படியில் தன் நீலத்தைப் பார்த்தாள். நடுவே சுமானா, பக்கத்தில் முக்காடிட்ட சின்னப் பெண். சுற்றி நின்ற பன்னிரண்டு பேரும் அவள் சோற்றைத் தின்றவர்கள். ஒருத்திக்காவது முன்கூட்டிச் சொல்ல வாய் வரவில்லையே. சாரன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தெனே அழவில்லை, தக்காளி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை வழக்கம்போல் துணியோடு பாகரியிடம் போனாள். பயறுதின்னி என்பான், பதிலுக்கு நாலு வார்த்தை திட்டலாம் என்று காத்திருந்தாள். அவன் கட்டையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

"வாங்க, தெனேக்கா."

"அப்படிக் கூப்பிடாதடா" என்றாள். கையிலிருந்த துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.