வால்டர் மாஸ்டரின் குடல்வால்

வால்டர் சாந்தோம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷமாக பி.டி. மாஸ்டர். வயது ஐம்பத்து மூன்று, எடை நூற்றுச் சொச்சம். பையன்களை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டு, தான் மட்டும் நிழலில் நின்று விசில் ஊதுவார். "நான் ஓடினா மைதானம் தேஞ்சிடும்டா" என்று தானே சொல்லிச் சிரிப்பார்.

அந்த வியாழக்கிழமை தொப்புளைச் சுற்றி வலித்தது. வாயு என்று தானே முடிவு கட்டி ஓம வாட்டர் குடித்தார். மறுநாள் வலி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கியது. வாயு வீடு மாறிவிட்டது என்று சோடா குடித்தார். டாக்டரிடம் போகலாம் என்று மனைவி ஐரின் மூன்று முறை சொல்லிப் பார்த்தாள்.

"அடுத்த வாரம் ஸ்போர்ட்ஸ் டே. பி.டி. மாஸ்டரே வயித்து வலின்னு படுத்தா பசங்க சிரிக்க மாட்டானுங்களா?"

வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மைதானத்தில் கோடு போட சுண்ணாம்பு வாங்கப் போய்விட்டார். ஞாயிறு பூசையில் முழந்தாளிட்டவரால் எழுந்திருக்க முடியவில்லை. பின்னால் இருந்தவர்கள் பக்தி என்று நினைத்தார்கள். ஐரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அனலாகக் கொதித்தது. அப்படியே ஆட்டோவில் ஏற்றி ராயப்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டர் ஸ்வர்ணலதா, "குடல்வால் வீங்கி வெடிச்சிருக்கும்போல. சின்னத் துளை போட்டு கேமரா வழியாத்தான் ஆரம்பிப்போம். உள்ளே நிலைமை மோசமா இருந்தா வயித்தைத் திறக்க வேண்டி வரும். அதுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுங்க" என்றார்.

"யாருக்கு டாக்டர் அப்படி ஆகும்?" என்று கேட்டார் வால்டர்.

"வயசு கூடினவங்க, உடம்பு கனமா இருக்கறவங்க, சுகர் இருக்கறவங்க. முக்கியமா, நாளைக் கடத்திட்டு லேட்டா வர்றவங்க. ஆண்களுக்குக் கொஞ்சம் அதிகம்னும் சொல்றாங்க."

வால்டர் ஒவ்வொன்றுக்கும் மனசுக்குள் 'பிரசன்ட்' சொன்னார். "ஆம்பளையாப் பொறந்ததும் வயசானதும் என் கையில இல்ல டாக்டர். மத்ததெல்லாம் நானே பாடுபட்டுச் சேர்த்தது."

சிரிப்பு வந்தாலும் ஐரின் சிரிக்கவில்லை. அவள் பையிலிருந்து ஜெபமாலையை எடுத்ததைப் பார்த்த பிறகுதான் அவருக்கும் பயம் வந்தது. அதற்குள் நண்பர் வெள்ளைச்சாமிக்கு, "மூணே துளை, ரெண்டே நாள், வந்துடுவேன்" என்று போனில் சொல்லியாகிவிட்டது.

கண் விழித்தபோது வயிற்றின் நடுவில் நீளமாகக் கட்டு.

"கேமராவை விட்டுப் பார்த்தோம். வெடிச்ச குடல்வால், சுத்தி சீழ், குடலோட ஒட்டிக்கிட்டு இருந்தது. துளை வழியா எடுத்தா ஆபத்து, அதனால திறந்துட்டோம்" என்றார் டாக்டர்.

"அப்போ ஆபரேஷன் ஃபெயிலா டாக்டர்?"

"இல்ல. நேரத்துக்குத் திறந்ததாலதான் இப்ப என்கிட்டப் பேசிட்டு இருக்கீங்க."

ஒன்பது நாள் படுக்கை. இருமினால் வயிற்றில் தலையணையை அழுத்திக்கொள்ள வேண்டும். ஸ்போர்ட்ஸ் டே அவர் இல்லாமலே நடந்தது, அதுவும் ஒழுங்காக நேரத்துக்கு முடிந்தது. அந்தச் செய்தி தையலைவிட அதிகமாக வலித்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள், ஸ்டாஃப் ரூமில் சரித்திர வாத்தியார் வெள்ளைச்சாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "வாயுதான் சார்" என்றார்.

வால்டர் விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஆட்டோவில் தள்ளினார். ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றுமில்லை, வெறும் வாயுதான்.

"மூணு பீரியடு போச்சு, மானமும் போச்சு" என்று திட்டித் தீர்த்தார் வெள்ளைச்சாமி. வால்டர் வழியெல்லாம் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு வந்தார்.