கரையேற்றத்தில் சுழன்ற சக்கரம்

எங்கள் ஊரிலிருந்து ஆடுதுறை ரோட்டுக்கு ஏற ஒரே ஒரு சரிவுதான் உண்டு. ரோடு ஆற்றங்கரைமேல் போகிறது, ஊர் வயல் மட்டத்தில் கிடக்கிறது. சரிவின் உச்சியில் சட்டென்று வலது பக்கம் ஒடித்துத் திரும்ப வேண்டும். சம்பா நடவு சமயத்தில் இரும்புச் சக்கரம் மாட்டிய டிராக்டர்கள் வயலைவிட்டு வெளியே வந்து சரிவு முழுக்கக் களிமண்ணைப் பூசிவிட்டுப் போகும். அதன்மேல் ஒரு தூறல் விழுந்தால் போதும், கால் வைத்தால் வழுக்கும்.

போன புரட்டாசியில் அந்தச் சரிவில்தான், அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, என் கார் நின்றுபோனது. இன்ஜின் நிற்கவில்லை, நன்றாகக் கத்திக்கொண்டுதான் இருந்தது. வலது முன்சக்கரம் மட்டும் இருந்த இடத்திலேயே வெறிபிடித்துச் சுற்றியது. வண்டியின் மூக்கு ரோட்டில், வால் சரிவில். வலது பக்கமிருந்து ஒரு பஸ் ஹார்னை விடாமல் அழுத்திக்கொண்டு வந்து, ஒரு முழம் தள்ளி நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி கேட்டார்:

"ஏம்மா, வெத்தல பாக்கு வச்சு அழைக்கணுமா? ஒண்ணு ஏறு, இல்ல எறங்கு!"

அம்மா கதவைத் திறந்து, சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேற்றில் இறங்கி வீட்டுக்கு நடந்துவிட்டாள். அன்று சாயங்காலம் சிங்கப்பூரிலிருக்கும் அப்பாவிடம் போனில் சொன்னாள்: "ஒங்க பொண்ணு அந்தக் காருக்கு என்னென்னமோ ஊட்டி வளத்துருக்கா. அதுக்குத் திமிரு ஏறிப்போச்சு. வித்துடுங்க."

அப்பா எப்போதும் நடுவில் நிற்கிறவர். "கடைமுழுக்கு வரைக்கும் பொறு. மாயவரத்துக்கு அந்த வண்டியிலயே போயிட்டு வா. அப்பவும் புடிக்கலன்னா வித்துடலாம்" என்றார். ஐப்பசிக் கடைசி நாளில் மாயவரத்துக் காவிரியில் முழுகுவதை அம்மா எந்த வருஷமும் தவறவிட்டதில்லை. சரி என்றாள். சொன்ன கையோடு என் பெரியப்பா மகனைக் கூப்பிட்டு, வண்டியை வாங்க ஒரு ஆள் பார்த்து வைக்கவும் சொல்லிவிட்டாள்.

திமிர் என்று அம்மா சொன்னது தப்பில்லை. மெக்கானிக்கல் படித்துவிட்டு, சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே டிராயிங் போட்டுக் கொடுக்கிறேன். நாள் முழுக்க ஸ்கிரீனில் பல்சக்கரம் வரைகிறவளுக்குச் சாயங்காலமானால் நிஜமாக ஒன்றைச் சுற்றவிட வேண்டும்போல் இருக்கும். பழைய டீசல் கார் ஒன்றை வாங்கி, இன்ஜினின் கம்ப்யூட்டரைப் பலம் கூடும்படி ரீமேப் செய்தேன். டர்போ பிடித்ததும் வண்டி சீட்டோடு சேர்த்து முதுகைத் தள்ளும். ஸ்பிரிங்கை மாற்றி உயரத்தைக் குறைத்தேன். வளைவில் சாயாமல் இருக்க முன்பக்கம் ரெண்டு சக்கரத்தையும் இணைக்கும் தடிமனான ஸ்டெபிலைசர் ராடு போட்டேன். வேலை முடிந்ததும் அணைக்கரை வரைக்கும் ஒரு ஓட்டு. அது இல்லையென்றால் இந்த ஊரில் நான் இருந்திருப்பேனா என்பதே சந்தேகம். சென்னையில் ஏதாவது ஒரு ஹாஸ்டலில் கட்டிலுக்குக் கீழே பெட்டியை வைத்துக்கொண்டு கிடந்திருப்பேன்.

பெரியப்பா மகனுக்குச் சொந்தமாக டிராக்டர் ரிப்பேர் ஷெட் இருக்கிறது. என் காருக்கு அதுதான் வீடு. அடுத்த நாள் போய் நின்றதும் சிரித்தான்.

"வாம்மா இன்ஜினியர். சித்தி என்னைய புரோக்கர் ஆக்கிட்டாங்க, தெரியுமா? குத்தாலத்துல ஒருத்தர் கேக்குறாரு."

"அண்ணே, நீ எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும்தான். வண்டி ஓடுனா ஒனக்கு அண்ணன், ஓடலன்னா சித்திக்குப் புள்ள."

முதலில் நாங்கள் செய்த காரியத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. டிராக்டர் சக்கரம் வழுக்கினால் பின்னால் பாரம் ஏற்றுவோம், சக்கரம் மண்ணைக் கவ்வும். ரெண்டு பேரும் அதிலேயே வளர்ந்தவர்கள். யோசிக்கவே இல்லை. டிக்கியில் யூரியா மூட்டைகளைத் திணித்து, சரிவுக்கு ஓட்டிப்போனோம். கார் முன்னைவிட மோசமாகச் சுற்றியது. அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. டிராக்டரை இழுப்பது பின்சக்கரம், என் காரை இழுப்பது முன்சக்கரம். பின்னால் மூட்டை ஏற்ற ஏற்ற, மூக்கு மேலே போகிறது. மூட்டைகளை இறக்கும்போது அண்ணன், "படிச்ச புள்ள கூட இருக்கேன்னு நான் யோசிக்காம விட்டுட்டேன்" என்றான். "அனுபவசாலி கூட இருக்கானேன்னு நான் விட்டுட்டேன்" என்றேன்.

ஒரு வண்டி திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் குறைவாகவும் வெளிப்பக்கச் சக்கரம் அதிகமாகவும் ஓட வேண்டியிருக்கிறது. அதற்கு இடம் கொடுக்கத்தான் ரெண்டுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல். அதில் ஒரு கோளாறு, எந்தச் சக்கரம் சுலபமாகச் சுற்றுகிறதோ அதையே சுற்றிக்கொண்டிருக்கும். பிடிப்பில்லாத சக்கரம் சுற்றும், பிடிப்புள்ள சக்கரம் சும்மா நிற்கும். டிராக்டரில் இதற்கு ஒரு பெடல் உண்டு. மிதித்தால் ரெண்டு சக்கரமும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், சேற்றிலிருந்து வண்டி எழுந்துவிடும்.

"அப்ப உள்ள வெல்டு வச்சுப் பூட்டிடுவோம். அரை நாள் வேலை" என்றான் அண்ணன்.

"டிராக்டர்ல திரும்புறதுக்கு முன்னாடி கால எடுத்துடுவ. வெல்டு வச்சா எப்படி எடுப்ப? எனக்குத் திருப்புறதும் அதே சக்கரம்தான். திருப்பினா திரும்பாது, நேரா ஆத்துல போயி எறங்கிடும்."

"சித்திக்கு மாயவரம் போற வேலை மிச்சம். இங்கயே முழுகிடலாம்."

வேண்டியது பாதிப் பூட்டு. லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் என்று விற்கிறார்கள். சாதாரணமாக விட்டுக்கொடுக்கும், ஒரு சக்கரம் நழுவப் பார்த்தால், உள்ளே சாய்வாக வெட்டிய பல்சக்கரங்கள் ஒன்றையொன்று இறுக்கி, மற்ற சக்கரத்துக்குப் பலத்தைத் தள்ளும். கோயம்புத்தூரில் சொல்லி வரவழைத்தேன். செயின் பிளாக்கில் கியர்பாக்ஸைத் தொங்கவிட்டு இறக்கி, கும்பகோணத்தில் கொடுத்துப் பேரிங்கை அழுத்திப் பொருத்தி வாங்கி, திரும்பப் பூட்டினோம். அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்தபோது அந்தப் பொருள் ஒரு சின்னத் தேங்காய் அளவுதான் இருந்தது. ஸ்கிரீனில் எத்தனையோ வரைந்திருக்கிறேன், கையில் பிடித்தபோது கனத்தது. ஷெட்டில் வேலையாக இருந்தவர்களிடமெல்லாம் காட்டினேன்.

முதல் ஓட்டத்தில் எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. மழை நனைத்த ஊர்த் தெருவில், குளத்து வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முன்பெல்லாம் மூக்கு வெளியே ஓடும். இப்போது வண்டி தன்னாலேயே உள்ளே இழுத்துக்கொண்டு போனது. "அண்ணே, பாத்தியா, பாத்தியா!" என்று கத்தினேன். அவன் கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடி, "ரோட்டப் பாரும்மா, நான் பாத்துட்டேன்" என்றான்.

அதே வேகத்தில் சரிவுக்குப் போனோம். ஏறினேன், உச்சியில் வலது பக்கம் ஒடித்தேன். வலது சக்கரம் சுற்றியது. வண்டி நின்றது. எல்லாம் பழையபடி.

அண்ணன் மெதுவாக, "குத்தாலத்துக்காரர் நல்ல மனுஷன்தான். வண்டிய நல்லா வச்சுக்குவாரு" என்றான். ஆறுதலுக்குத்தான் சொன்னான், எனக்கு அழுகை முட்டியது. கடைமுழுக்குக்கு ஒரு வாரம்கூட இல்லை. இறங்கிப்போய்ச் சரிவில் நின்றேன். அப்போதுதான் டயர் தடத்தைப் பார்த்தேன். இடது சக்கரம் களிமண்ணில் முழு அகலத்துக்கும் அச்சு வைத்திருந்தது. வலது சக்கரம் ஏறும்வரை நன்றாகப் பதிந்திருந்தது. திருப்பம் ஆரம்பித்த இடத்தில் அச்சு மெலிந்து மெலிந்து, வெறும் கீறலாகி, அப்புறம் சுற்றித் தோண்டிய குழியாக முடிந்திருந்தது.

சக்கரம் தரையில் அழுந்தவே இல்லை. இந்த வகை டிஃபரன்ஷியல், நழுவும் சக்கரம் எவ்வளவு பிடிக்கிறதோ அதைப்போல் சில மடங்குதான் மறுபக்கம் கொடுக்கும். ஒன்றுமே பிடிக்காத சக்கரம் என்றால், எத்தனை மடங்கானாலும் சைபர்தான். சரி, ஏன் தூக்குகிறது? ஏற்றத்தில் பாரம் பின்னால் போகிறது, திருப்பத்தில் இடது பக்கம் போகிறது. மிச்சமிருந்த கொஞ்சத்தையும் கெடுத்தது நான் ஆசையாகப் போட்ட தடி ராடு. இடது சக்கரம் அமுங்கினால், அந்த ராடு வலது சக்கரத்தையும் சேர்த்து மேலே இழுக்கும். ரேஸ் டிராக்கில் அது அழகு. களிமண் சரிவில் அது சக்கரத்தை அந்தரத்தில் தொங்கவிடுகிறது.

"அண்ணே, பழைய ராடு எங்க போட்டோம்?"

"கொட்டகைக்கு முட்டுக் கொடுத்துருக்கேன்."

கொட்டகைக்கு ஒரு மூங்கிலைக் கொடுத்துவிட்டு ராடை எடுத்தோம். பழைய ஸ்பிரிங்கையும் மாட்டினோம். வண்டி மறுபடி குடும்பக் கார்போல உயர்ந்து நின்றது. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. சரிவில் அண்ணன் அம்மாவின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "சித்தி மாதிரி கண்ண மூடிக்கவா?" என்றான். மூடிக்கொண்டான். திறந்தபோது ரோட்டில் இருந்தோம்.

கடைமுழுக்கு அன்று விடிந்ததிலிருந்து மழை. அம்மா மாற்றுச் சேலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். சரிவின் உச்சியில் கூட்டம் பிதுங்கும் பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒரு இடைவெளி வந்தது. ஒடித்தேன். வலது சக்கரம் ஒரு கணம் வழுக்கியது, ஸ்டியரிங் கையில் லேசாக இழுத்தது, பிறகு ரெண்டு சக்கரமும் சேர்ந்து பிடித்தன. வண்டி ரோட்டில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

"கேஸ அணைச்சேனாடி?" என்றாள் அம்மா.

"அணைச்சிட்டம்மா."

ஆடுதுறை தாண்டும்வரை அவள் கை கைப்பிடியை விடவில்லை. குத்தாலம் வந்தபோது விட்டு, பையிலிருந்து முறுக்கு எடுத்து எனக்கும் ஒன்று கொடுத்தாள்.

முழுகிவிட்டு, ஈரத் தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு காருக்கு வந்தபோது அவளுடைய போன் அடித்தது. அண்ணன். குத்தாலத்துக்காரர் சாயங்காலம் வண்டி பார்க்க வருகிறாராம். நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"இன்னைக்கு வேணாம்னு சொல்லு தம்பி" என்றாள் அம்மா. "நாளைக்கா? நாளைக்கும் வேணாம். இல்ல, வெலைக்காக இல்ல. வண்டி இப்ப பூம்புகார் போகுது."

எனக்கே அது அப்போதுதான் தெரியும். போனை வைத்துவிட்டு, இவ்வளவு தூரம் வந்தாச்சு, கடலையும் பாத்துட்டுப் போயிடலாம் என்றாள். கதவைச் சாத்தியதும் சேர்த்துக்கொண்டாள்: "வண்டி சத்தத்த மட்டும் கொறச்சுடு. ஊருல எல்லாருக்கும் தெரியுது நாம எங்க போறோம்னு."

மழை விட்டிருந்தது. கூட்டத்துக்கு நடுவே வண்டியை மெல்ல நகர்த்திக் கிழக்கே திருப்பினேன்.