நத்தைக்கு ஹெட்லைட் போட்ட லேத் பட்டறை

மூவுலகும் அறிக! இன்று திருமுடிவாக்கத்தில் எரிமலை வெடித்தது. எரிமலை நான்தான்.

கடலுக்கடியில் அரிசி அளவு நத்தைகளைப் படமெடுப்பவன் நான். டார்ச்சின் முன்னால் ஒரு கூம்பு மாட்டினால், நுனி ஓட்டை வழியாக வெளிச்சம் நத்தை மேல் மட்டும் விழும். சுற்றிலும் கும்மிருட்டு. அந்தக் கூம்புக்கு ஏழாயிரம் முறை படம் வரைந்து, 'ஓட்டை பென்சில் பருமன்' என்று சிவப்பு மையில் எழுதி, லேத் பட்டறை அண்ணனிடம் கொடுத்திருந்தேன்.

இன்று வாங்கிப் பார்த்தால், ஓட்டைக்குள் என் கட்டைவிரல் சுகமாகப் போய் வருகிறது.

"என்னண்ணா இது?"

"நீங்க தப்பா போட்டுட்டீங்க சார். அவ்ளோ சின்ன ஓட்டைல லைட்டு எப்டி வரும்? நானே பெருசு பண்ணிட்டேன்."

"லைட்டு நிறைய வரக்கூடாதுன்னுதாண்ணா கூம்பே!"

"அப்ப ஆஃப் பண்ணிடுங்க சார்."

தாம்பரம் வந்து சேர்ந்தும் கொதிப்பு அடங்கவில்லை. நாளைக் காலை புதுச்சேரியில் முங்க வேண்டும். இந்த ஓட்டையோடு போனால் நத்தையோடு சேர்ந்து வங்கக் கடலே பளிச்சென்று தெரியும்.

தாம்பரம் வட்டாரப் பெருமக்களே, கூம்புக்குப் பதிலாக டார்ச்சில் மாட்ட, வீட்டில் எண்ணெய் ஊற்றும் கறுப்புப் புனல் இருந்தால் உடனே சொல்லுங்கள். தயவுசெய்து யாரும் எனக்காக அதன் ஓட்டையைப் பெரிதாக்கி வைக்க வேண்டாம்.