தலைகீழாய் ஊதிய மூச்சு

பிளாஸ்டிக் பந்துகள் லொடலொடவென்று மோதும் சத்தம் எங்கே கேட்டாலும் என் மூச்சு ஒரு கணம் நின்றுதான் திரும்புகிறது.

அக்கா வீட்டுக்காரருக்கு, என் மாமாவுக்கு, நுரையீரலில் புற்றுநோய். சிதம்பரத்தில் அறுவை சிகிச்சைக்கு முன் மூச்சைப் பலப்படுத்த, மூன்று பந்துகள் கொண்ட ஒரு கருவியைக் கொடுத்தார்கள். வார்டில் எல்லோரும் அதைப் ‘பந்து ஊதுறது’ என்றார்கள். செம்மண்டலம் வீட்டுக்கு வந்து நானும் “ஊதுங்க மாமா” என்றேன். ஊதினார், பந்து அசையவில்லை. கருவியைத் தலைகீழாகப் பிடித்து ஊதினார், மூன்றும் எழுந்தன. அக்கா சந்தோஷத்தில் அழுதுவிட்டாள். இரண்டு வாரம் அந்தப் பெருமையிலேயே வாழ்ந்தோம்.

பரிசோதனையில் மூச்சு தேறவில்லை. இந்த நிலையில் நுரையீரலின் ஒரு பகுதியை எடுத்தால் உடம்பு தாங்காது என்று மருத்துவர் தேதியைத் தள்ளிவைத்தார். பிசியோதெரபிஸ்ட் பெண் மாமாவைச் செய்துகாட்டச் சொன்னார்.

“ஊதக் கூடாதுங்கய்யா, உறிஞ்சணும். எளநி குடிக்கிற மாதிரி இழுங்க.”

மாமா என் பக்கம் திரும்பினார். “முப்பது வருஷம் பீடி இழுத்தவன்கிட்ட ‘இழு’ன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா மச்சான்?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. புற்று அதுவரை காத்திருக்குமா என்ற பயத்தில் பதினைந்து நாள் கரைந்தது. மாமா இழுத்தார், தெருத்தெருவாக நடந்தார், தேறினார்.

இப்போதெல்லாம் யார் எந்தப் பயிற்சி சொன்னாலும், அவர் எதிரிலேயே ஒருமுறை செய்துபார்க்காமல் எழுந்து வருவதில்லை.

சிகிச்சை முடிந்து மாமா நல்லபடியாக வீடு திரும்பிவிட்டார். ஆனாலும் அறுவை அரங்கின் கதவருகே என் கையை விடும்போது அவர் சொன்னது அப்படியே மனதில் இருக்கிறது:

“உன்னால ஒண்ணும் கெட்டுப்போவல மச்சான். அக்காவக் கூட்டிக்கினு போயி சாப்புட வை.”