பதினோரு வெள்ளிக்காசு

மேடைக்குப் பின்னாலிருந்த கழிப்பறையைக் கழுவி முடித்து, வாளியும் மாப்புமாக மண்டபத்தின் பக்கவாசலில் நின்றுகொண்டிருந்தாள் சுடலைமாடத்தி. திருவனந்தபுரத்தில் கல்யாணங்களும் கூட்டங்களும் நடக்கிற பெரிய மண்டபம் அது. அவள் அங்கே துப்புரவு வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. 2022 பிப்ரவரி. மேடை மேஜையில் சின்னச் சின்ன நீலப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பெட்டிக்குள் ஆளுக்கொரு வெள்ளிக்காசு. கொரோனா காலத்தில் முன்வரிசையில் நின்று வேலை பார்த்தவர்களைக் கௌரவிக்க, நகரத்து வியாபாரிகளின் அறக்கட்டளை ஒன்று அடித்துக் கொடுக்கிற காசு.

மைக்கில் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார்கள். மூன்றாவது ஆள் மேடை ஏறியபோது மாடத்தி நிமிர்ந்து பார்த்தாள். அந்த டாக்டரின் முழு முகத்தை அவள் அதற்குமுன் பார்த்ததே இல்லை. கவச உடைக்குள் கண்ணை மட்டும் பார்த்துப் பழகிய ஆள். ஆனால் அந்த நடையைத் தெரிந்தது. அடுத்து வந்த நர்ஸையும் தெரிந்தது. அதற்கடுத்த ஆம்புலன்ஸ் டிரைவரையும் தெரிந்தது. எல்லாரும் அவள் வேலை பார்த்த அதே சிகிச்சை மையத்து ஆட்கள்.

அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள். டாக்டர்கள், நர்ஸுகள், லேப் ஆட்கள், சாப்பாடு கொண்டுவந்த தொண்டர்கள் என்று எல்லாரும் முடிந்து தேசியகீதத்துக்கு எழுந்து நின்றார்கள். துப்புரவு வேலை பார்த்த ஒருவரையும் கூப்பிடவில்லை.

கூட்டம் கலைந்தபோது ஷீஜா அவளைப் பார்த்துவிட்டாள். அந்த மையத்தில் நோய்த்தொற்றுத் தடுப்பைக் கவனித்த நர்ஸ். ஓடிவந்து கையைப் பிடித்து, இங்கே என்ன, பேரைக் கூப்பிடவில்லையா என்று மலையாளத்தில் கேட்டாள்.

"சேச்சி! எந்தா இவிடெ? பேரு விளிச்சில்லே?"

"இல்ல மோளே. நான் இங்க கிளீனிங்ல இருக்கேன்."

ஷீஜாவின் முகம் வாடிப்போனது. கையிலிருந்த நீலப் பெட்டியை அப்படியே மாடத்தியின் கையில் வைத்து அழுத்தினாள். "இது சேச்சி எடுத்தோ."

மாடத்தி பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. திருப்பிக் கொடுத்தாள். "இது நீ பட்ட பாட்டுக்கு உள்ளது. என் பங்கு வேற இருக்கணும்லா? அத நான் கேட்டு வாங்குதேன். எனக்கு மட்டுமில்ல. கிளீனிங் பாத்த பதினோரு பேருக்கும்."

சுடலைமாடத்திக்கு அப்போது நாற்பத்தாறு வயது. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு கணவன் இசக்கியுடன் திருவனந்தபுரம் வந்தவள். கரிமடத்தில் வாடகை வீடு. இசக்கி ஓட்டலில் பரோட்டா போடுவான். 2020 ஜூலையில் ஓட்டல்கள் மூடிக்கிடந்தபோது, ஒரு தனியார் ஆஸ்பத்திரி நகரத்தின் ஓரத்தில் ஹாஸ்டல் கட்டடமொன்றைக் கொரோனா சிகிச்சை மையமாக நடத்தத் தொடங்கியது. துப்புரவுக்கு வர எல்லாரும் மறுத்தார்கள். காண்டிராக்டர் காலனி காலனியாக ஆள் தேடி அலைந்தார். இசக்கி எவ்வளவோ தடுத்தும் மாடத்தி போனாள். அவளோடு சேர்த்துப் பதினோரு பேர்.

பதினான்கு நாள் வேலை, ஏழு நாள் அதே கட்டடத்தில் தனிமை, மறுபடி வேலை. உள்ளே போகுமுன் கவச உடையைப் போட்டுக்கொள்ள ஓர் அறை இருந்தது. உடையைப் போட்டபின் யார் யாரென்று தெரியாது என்பதால், ஷீஜா எல்லார் முதுகிலும் மார்க்கரால் பேர் எழுதுவாள். சுடலைமாடத்தி என்று எழுத நேரமில்லாமல் 'மாடத்தி' என்று மலையாளத்தில் எழுதுவாள். கழிப்பறை கழுவுவதும் வாந்தி துடைப்பதும் மட்டும் அவர்கள் வேலையாக இருக்கவில்லை. கை நடுங்குகிற கிழவர்களுக்குப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள் மாடத்தி. அந்தப் பக்கம் பிள்ளைகள் அழுவதும் அவள் காதில் விழும்.

மஞ்சள் பையில் கட்டிய கழிவை மூன்று மாடி இறக்கிக்கொண்டு போவது நேசையன் வேலை. பாறசாலைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். பெண்கள் யாரையும் அந்தப் பையைத் தூக்க விடமாட்டார். மையம் மூடியபின் வேறோர் ஆஸ்பத்திரியில் இதே வேலைக்குப் போனார். மறுவருஷம் மே மாதம் அங்கேயே நோய் தொற்றி இறந்துபோனார். அடக்கத்துக்கு நான்கு பேர்தான் போக முடிந்தது.

விழா முடிந்த மறுநாள் காலையிலேயே மாடத்தி சாலை என்கிற பழைய கடைத்தெருவில் மாடியிலிருந்த அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போனாள். செயலாளர் வெங்கடசுப்ரமணியன் பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீவராகத்துக்காரர்.

"உக்காருங்கோ. என்ன விஷயம்?"

"நேத்து காசு குடுத்தீயள்லா சாரே, அதுல எங்க பேரு விட்டுப்போச்சு. அந்த சென்டர்ல கிளீனிங் பாத்த பதினோரு பேரு."

அவர் ஃபைலை எடுத்து ஆஸ்பத்திரி அனுப்பிய கடிதத்தைப் புரட்டினார். "டாக்டர், நர்ஸ், டிரைவர் எல்லார் பேரும் இருக்கு. கடைசில 'ஹவுஸ்கீப்பிங், காண்டிராக்ட்'னு ஒரு வரிதான். பேர் இல்லையே. பேர் இல்லாதவாளுக்கு நான் எப்படிக் குடுக்கறது?"

"பேரு இல்லாம இருக்குமா சாரே? அப்பனும் அம்மையும் வச்ச பேரு எல்லாத்துக்கும் இருக்கு. அதுல எழுதல, அவ்வளவுதான்."

வெங்கடசுப்ரமணியன் கண்ணாடியைக் கழற்றினார். கெட்ட மனிதரல்ல. ஆனால் தாளில் இல்லாத ஒன்றுக்கு அவர் வாழ்நாளில் கையெழுத்துப் போட்டதில்லை. "நாளைக்குக் கமிட்டில யாராவது கேட்டா நான் காட்டணும்மா. ஒவ்வொருத்தரும் இன்ன தேதில அங்கே வேலை பார்த்தான்னு ஒரு ரெக்கார்ட் வேணும். கொண்டுவந்தா கமிட்டில வைப்பேன். குடுப்பேன்னு சொல்லலை, வைப்பேன்."

"அது போதும்," என்று எழுந்தாள் மாடத்தி.

காண்டிராக்டரின் ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. பழைய நம்பர் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால், "அது காண்டிராக்டரோடு சோதிக்கணும்" என்று அவரிடமே போய்க் கேட்கச் சொன்னார்கள். வார விடுமுறை நாளிலெல்லாம் போனாள். நாலாவது தடவை வாசலிலேயே காவலாளி கையை விரித்தான்.

"வெள்ளிய வாங்கி என்ன செய்யப் போற? விட்டுத்தள்ளு," என்றான் இசக்கி.

"எனக்கு மட்டும்னா எப்பவோ விட்டிருப்பேன். மொகத்த மூடிக்கிட்டு வேல பாத்தோம், சரி. அதுக்காக ஆளே இல்லன்னு எழுதுனா எப்படி?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷீஜாவைப் போய்ப் பார்த்தாள். நடந்ததையெல்லாம் கேட்ட ஷீஜா நெற்றியில் அடித்துக்கொண்டாள். உடை மாற்றும் அறையில் ஒரு ரெஜிஸ்டர் இருந்ததே! உள்ளே போகிற ஒவ்வொருவர் பேரும், போன நேரமும், வெளியே வந்த நேரமும் அதில் ஷீஜா கையாலேயே எழுதியதுதான்.

"அது போச்சு மோளே," என்றாள் மாடத்தி. "சென்டர் பூட்டுன அன்னிக்கு உள்ள இருந்த ரெஜிஸ்டரு, கடலாசு பூரா மஞ்சப் பையில போட்டுல்லா எரிக்க அனுப்புனாக. நேசையன் அண்ணன்தான் தூக்கிட்டுப் போனாரு."

ஷீஜாவுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. சட்டென்று எழுந்தாள். உள்ளேயிருந்து காகிதம் வெளியே வரக்கூடாது என்று விதி. அதனால் ஒவ்வொரு நாளும் ரெஜிஸ்டரின் அன்றைய பக்கத்தைப் போட்டோ எடுத்து மேலதிகாரிக்கு அனுப்புவது அவள் வேலை. போட்டோக்கள் பழைய போனில் இருந்தன. மெமரி நிறைந்து ஒன்றுக்கும் உதவாமல் போய், வித்துராவில் அவள் அம்மா வீட்டு அலமாரியில் கிடந்தது அந்தப் போன்.

இரண்டு பேரும் அப்போதே பஸ் ஏறினார்கள். போன் உயிர் பெற ஒரு மணி நேரம் சார்ஜில் கிடக்க வேண்டியிருந்தது. விரிசல் விழுந்த திரையில் முதல் பக்கம் திறந்தது. மாடத்திக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. ஆனால் முதுகுகளிலும் கழற்றிய தன் உடையிலும் மாதக்கணக்காகப் பார்த்த எழுத்துகளை அவள் கண் கண்டுகொண்டது.

"இது நான். இது கலைச்செல்வி. இந்தா, நேசையன் அண்ணன்."

ஏழு பத்துக்கு உள்ளே. ஒன்றே காலுக்கு வெளியே. ஷீஜா அடுத்த படத்துக்குத் தள்ளினாள். அதிலும் நேசையன். அதற்கடுத்ததிலும். மையம் நடந்த நூற்றுப் பத்தொன்பது நாளில், தனிமையில் இருந்த நாட்கள் போக, ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. மாடத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எல்லாத்தையும் கடலாசுல பிரிண்டு எடுக்கணும்," என்றாள்.

பக்கங்கள் கிடைத்தும் வேலை முடியவில்லை. ரெஜிஸ்டரில் இருந்ததெல்லாம் சுருக்கப் பேர்கள். அந்த மாடத்திதான் ஆதாரில் இருக்கும் சுடலைமாடத்தி என்று காட்ட, ஒவ்வொருவரிடமும் நகல் வாங்க வேண்டும். இரண்டு பேர் விழிஞ்ஞத்தில் துறைமுகக் கட்டட வேலையில் இருந்தார்கள். கலைச்செல்வி நாகர்கோவிலுக்கே போய்விட்டிருந்தாள். ஒவ்வொருவராகத் தேடிப்பிடிக்க மூன்று வாரம் ஆனது. கடைசியாகத்தான் நேசையன் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி சுசீலாபாய் கதவருகிலேயே நின்று கேட்டாள்.

"ஆளே போயாச்சு. இனி காசு எதுக்கு?"

"வேண்டாம்னா வாங்காண்டாம் அக்கா. ஆனா அண்ணன் பேரு அந்த லிஸ்டுல இருக்கணும். ஒரு நகல் மட்டும் தாங்க."

சுசீலாபாய் கதவை முழுக்கத் திறந்துவிட்டாள். பிறகு உள்ளே போய், பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த கணவனின் ஆதார் அட்டையையே எடுத்துவந்து கொடுத்தாள்.

அறக்கட்டளையில் மாடத்தி கட்டாகக் கட்டிக் கொண்டுவந்த காகிதங்களை மேஜைமேல் வைத்ததும் வெங்கடசுப்ரமணியன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "விட்டுட்டுப் போங்கோ. நான் படிக்கணும்," என்றார்.

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார். "கமிட்டி ஒத்துண்டாச்சு. ஆனா மிச்சம் இருக்கறது ஏழு காசுதான். இப்போ ஏழு பேருக்குக் குடுத்துடலாம்."

"எந்த ஏழு பேருன்னு நீங்களே சொல்லுங்க சாரே."

அவர் பட்டியலைப் பார்த்தார். பேனாவை மூடி வைத்தார்.

"அப்பம் பதினொண்ணும் ஆனப்புறம் குடுத்தா போதும். நாங்க காத்திருக்கோம்."

"இன்னொண்ணு இருக்கும்மா. நேரில வந்து வாங்கறவாளுக்குத்தான்னு தீர்மானம். நேசையன்..."

"அண்ணன் அங்க வேல பாக்கும்போ உயிரோடதான சாரே இருந்தாரு?"

வெங்கடசுப்ரமணியன் அன்று சாயங்காலமே கமிட்டித் தலைவருக்குத் தன் கையால் ஒரு கடிதம் எழுதினார். நான்கு காசு புதிதாக அடிக்கவும், நேசையனுடையதை மனைவி பெற்றுக்கொள்ளவும் அனுமதி கேட்டு. அது நடந்து முடிய மே மாதமாகிவிட்டது.

மண்டபம் இல்லை, மைக் இல்லை. ஒரு சனிக்கிழமை காலை அறக்கட்டளை அலுவலகத்தில் நாற்காலிகளைத் தள்ளிப்போட்டு இடம் பண்ணியிருந்தார்கள். ஷீஜாவும் லீவு போட்டு வந்திருந்தாள். மாடத்தி ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள். முழுப்பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

வெங்கடசுப்ரமணியன் எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல உரக்க ஒவ்வொரு பேராக வாசித்தார். "சுடலைமாடத்தி" என்றபோது அவள் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் போய் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கடைசிப் பேர் நேசையன். வரமாட்டாள் என்று நினைத்த சுசீலாபாய், வெள்ளைச் சேலையில் பின்வரிசையிலிருந்து எழுந்து வந்தாள். வாங்கிய கையோடு காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகக்கவசமும் ஸ்டெதஸ்கோப்புமாக ஒரு பெண் உருவம் அதில் இருந்தது.

"இது ஆரு?"

"டாக்டரம்மாவா இருக்கும்," என்றாள் மாடத்தி.

"நம்மள இதுல அடிச்சா பக்கெட்டும் சேத்துல்லா அடிக்கணும். காசு கொள்ளாது," என்றாள் கலைச்செல்வி. முதலில் சிரித்தது சுசீலாபாய்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

மாடத்திக்கு இரண்டு மணிக்கு மண்டபத்தில் டூட்டி. போனதும் சீருடைக்கு மாறவில்லை. நேரே சூப்பர்வைசரிடம் போனாள்.

"இங்க கிளீனிங்ல ஒன்பது பேரு இருக்கோம். ஒருத்தருக்கும் கார்டு இல்ல. பேரும் போட்டோவும் வச்சு ஆளுக்கொரு கார்டு வேணும்."

"நோக்காம், பார்க்கலாம்," என்றார் அவர்.

"எப்பம்னு ஒரு தேதி சொல்லுங்க. நான் அன்னிக்கு வந்து கேக்குதேன்."

அவர் சொன்ன தேதியில் போய்க் கேட்டாள். அடுத்துச் சொன்ன தேதியிலும் போனாள். மூன்றாவது வாரம் கார்டுகள் வந்தன. அவள் பேரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. திருப்பிக் கொடுத்து, திருத்தி வாங்கிய பிறகுதான் கழுத்தில் மாட்டினாள்.